எச்சமிட்ட பாறைக்கு எத்தனை பட்டா?

கடற்பறவைகளுக்குத் தெரியாது, தாங்கள் உட்கார்ந்து பெயர்சூட்டு விழா நடத்திக்கொண்டிருக்கிறோம் என்று. சிங்கப்பூர் நீரிணை தென்சீனக் கடலில் போய்க் கலக்கிற வாசலில் ஒரு கருங்கல் பாறை. அதன்மேல் தலைமுறை தலைமுறையாக அவை எச்சமிட்டன, பாறை வெளுத்துப்போனது. அந்த வழியாகக் கப்பல் விட்ட போர்த்துக்கீசியர்கள் ‘பெட்ரா பிராங்கா’ என்றார்கள். மலாய்க்காரர்கள் ‘பத்து பூத்தே’ என்றார்கள். சீனர்கள் ‘பாய்ஜியாவ்’ என்றார்கள். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: வெள்ளைப் பாறை. இந்த வட்டாரத்தில் இத்தனை இனமும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதலும் கடைசியும். பாறை ஏன் வெள்ளை என்பதை மட்டும் யாரும் பெயரில் சேர்க்கவில்லை. அவ்வளவு நாகரிகம்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். நீளம் 137 மீட்டர். சராசரி அகலம் 60 மீட்டர். கடல் வற்றிய நேரத்தில் பரப்பு 8,560 சதுர மீட்டர். ஏக்கரில் சொன்னால் இரண்டும் கொஞ்சம் கொசுறும். ரப்பர் தோட்டத்தில் என் பாட்டி விடியற்காலையில் பால் வெட்டி முடித்த நிரை இதைவிடப் பெரியது. பாட்டியின் நிரையில் மரமாவது இருந்தது. இங்கே மரம் இல்லை, மண் இல்லை, ஒரு சொம்பு குடிதண்ணீர் இல்லை. இதற்காக இரண்டு நாடுகள் 28 ஆண்டுகள் மல்லுக்கட்டின.

தூரக் கணக்கு இன்னும் விசேஷம். மலேசியாவில் எங்கள் ஜொகூர்க் கரையிலிருந்து 7.7 கடல் மைல். தெற்கே இந்தோனேசியாவின் பிந்தான் தீவிலிருந்து 7.6. சிங்கப்பூரிலிருந்து 24. கிட்டத்தில் இருப்பவருக்கே சொந்தம் என்று வைத்தால் பாறை மயிரிழையில் பிந்தானுக்குப் போயிருக்க வேண்டும். இந்தோனேசியா வாயே திறக்கவில்லை. இரண்டாவது உரிமைக்காரர் நாங்கள். கடைசியில் மூவரில் யார் ரொம்பத் தூரமோ அவருக்குப் போனது. முறைப்பையன் வாசலிலேயே உட்கார்ந்திருக்க, வெளியூர் மாப்பிள்ளை வந்து தாலி கட்டிக்கொண்டு போன கதை.

இந்தப் பாறையைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று போன வருடம் நானும் ஒரு நண்பரும் ஜொகூர் பாருவிலிருந்து சுங்கை ரெங்கிட்டுக்குக் காரில் போனோம். நண்பர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம், ‘அண்ணன்’ என்றே வைத்துக்கொள்வோம். சுங்கை ரெங்கிட்டுக்கு ஜனங்கள் போவது சிங்கி இறால் தின்பதற்கு. நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். பிறகு கடலோரம் நின்று கிழக்கே பார்த்தோம். நங்கூரம் போட்ட கப்பல்கள், அதற்குப் பின்னால் கப்பல்கள், அதற்கும் பின்னால் கப்பல்கள். தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கிய மாதிரி.

“பாறை எங்கேண்ணே?”

“கப்பலுக்குப் பின்னாலே இருக்கும். அரசாங்கச் சொத்து, அவ்வளவு சுலபமா கண்ணுலே படாது.”

அவரைவிட்டு அவர் உத்தியோகம் இன்னும் போகவில்லை.

இனி வரலாறு. அந்தப் பாறையில் யாரும் குடியிருந்ததில்லை. ஆனால் சுற்றியுள்ள கடலில் ஆள் நடமாட்டம் இல்லாத காலமே கிடையாது. ஓராங் லாவுட் என்ற கடல் மக்கள் படகிலேயே பிறந்து, படகிலேயே சமைத்து, ஜொகூர் மன்னருக்கு விசுவாசமாகத் திரிந்தார்கள். 1511-இல் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் விழுந்தபின் அந்த அரச வம்சம் தெற்கே இறங்கி ஜொகூர் சுல்தானகத்தை உண்டாக்கியது. அதற்குக் கோட்டை முக்கியமில்லை. கடலும் படகும் படகோட்டியும்தான் ராஜ்ஜியம்.

1603-இல் ஜொகூர் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கொள்ளை நடந்தது. சாந்தா கத்தரீனா என்ற போர்த்துக்கீசியக் கப்பலை டச்சுத் தளபதி ஹேம்ஸ்கெர்க் ஜொகூரின் ஒத்தாசையோடு மடக்கிப் பிடித்தார். பட்டும் பீங்கானும் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின. பணம் வந்தது, கூடவே மனசாட்சியும் லேசாக உறுத்தியது. உறுத்தலுக்கு மருந்து வக்கீல்தானே? ஹியூகோ குரோஷியஸ் என்ற இருபத்தொரு வயசுப் பையனைப் பிடித்து, செய்தது சரிதான் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அவர் எழுதியதில் ஓர் அத்தியாயம் 1609-இல் ‘சுதந்திரக் கடல்’ என்ற பொருளில் தலைப்புப் பெற்று நூலாக வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்கக் கடல் சட்டம் படிக்கிற பிள்ளைகள் அவருக்குப் பூப்போட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறார்கள். எங்கள் ஆற்றுவாய்க் கொள்ளைக்கு எழுதிய வக்காலத்து அது. ஊர்ப்பெருமைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பிறகு அண்ணன் தம்பித் தகராறு. 1812-இல் சுல்தான் மஹ்மூத் காலமானார். மூத்தவர் ஹுசேன் பகாங்கில் இருந்த நேரத்தில் இளையவர் அப்துல் ரஹ்மான் சுல்தானாகிவிட்டார். இளையவர் பக்கம் டச்சுக்காரன் சாய, 1819-இல் பிரிட்டிஷ்காரர் ராஃபிள்ஸ் வந்து மூத்தவரைச் சிங்கப்பூருக்கு அழைத்து, “நீங்கள்தான் சுல்தான்” என்று பட்டம் கட்டினார். பட்டம் கட்டிய கூலியாகச் சிங்கப்பூரில் கடை போட்டுக்கொண்டார். ஜொகூரில் குடியிருந்துகொண்டு எழுதுகிறேன், அரண்மனை விஷயத்தில் இதற்குமேல் நீட்டாமல் இருப்பது உடம்புக்கு நல்லது. வெள்ளைக்காரர்கள் இருவரும் 1824 மார்ச்சில் லண்டனில் உட்கார்ந்து, நீரிணையின் நடுவில் கத்தரிக்கோல் வைத்து, மேலே உனக்கு கீழே எனக்கு என்று பாகம் பிரித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சுல்தானும், தெமெங்கோங் என்ற பட்டம் தாங்கிய ஜொகூர்ப் பிரதானியும் சிங்கப்பூரையும் அதைச் சுற்றி 10 மைலுக்குள் இருந்த தீவுகளையும் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு எழுதிக் கொடுத்தார்கள். சுல்தானுக்கு ரொக்கம் 33,200 டாலர், தெமெங்கோங்குக்கு 26,800. மாசப் பணம் தனி.

10 மைல் என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து பூத்தே 24 மைல். எழுதிக் கொடுத்ததில் அது இல்லை.

அடுத்த வருடம் இதைவிட ஒரு வேடிக்கை. தெற்கே லிங்கா தீவில் இருந்த தம்பி அப்துல் ரஹ்மான், நீரிணைக்கு வடக்கே இருப்பதை எல்லாம் அண்ணனுக்குத் தானம் பண்ணி ஒரு கடிதம் எழுதினார். அதெல்லாம் ஏற்கெனவே பாகப்பிரிவினையில் அண்ணன் பக்கம் போயாயிற்று. இல்லாத வேட்டியைத் தானம் கொடுத்த புண்ணியவானை நான் அங்கேதான் பார்த்தேன். இந்தக் கடிதத்துக்குச் சட்டப்படி மதிப்பு உண்டா என்று 183 வருடம் கழித்துப் பதினாறு நீதிபதிகள் ஆராய்ந்து, ‘இல்லை’ என்று சொன்னார்கள்.

இப்போது கதாநாயகர் வருகிறார். கதாநாயகர் பாறைக்கு வரவில்லை. அவர் பெயர் வந்தது.

ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் ஸ்காட்லாந்துக்காரர். 1786-இல் ‘அட்லஸ்’ என்ற கப்பலில் அதிகாரியாகப் போகும்போது இந்தியப் பெருங்கடல் நடுவில் தியேகோ கார்சியா தீவில் மோதிக் கப்பல் நொறுங்கியது. கப்பலின் பெயர் அட்லஸ். உடைந்த காரணம் வரைபடம் சரியில்லாதது. இப்படி ஒரு சிலேடை வாழ்க்கையில் அமைந்தபின் மனுஷன் சும்மா இருப்பாரா? கடல் அளப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். கீழைக் கடல்களுக்கான வழிகாட்டி நூலை எழுதி, கிழக்கிந்தியக் கும்பெனியின் கடல் வரைபட அதிகாரி ஆனார். அந்த நூலில்லாமல் எந்தக் கப்பல்காரனும் சீனாவுக்குப் புறப்பட மாட்டான். 1836-இல் அவர் இறந்தார். சீனத்துக் கன்டோனில் அபினும் தேயிலையுமாகப் பணம் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளை வியாபாரிகள் கூடி, அந்த மகானுக்கு ஒரு கலங்கரை விளக்கம் எழுப்புவோம் என்று உண்டியல் குலுக்கினார்கள். நம் ஊரில் சிலை வைப்பார்கள், அவர்கள் விளக்கு வைத்தார்கள். விளக்காவது கப்பலுக்கு உதவும்.

எங்கே வைப்பது? இதற்கே பத்து வருடத்துக்கு மேல் ஓடிற்று. கரையோரம் ரமூனியா முனைக்குப் பக்கத்தில் ‘பீக் ராக்’ என்ற பாறை முதலில் பிடித்திருந்தது. 1844-இல், சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னர் பட்டர்வொர்த், ஜொகூர் சுல்தானுக்கும் தெமெங்கோங் இப்ராஹிமுக்கும் கடிதம் எழுதினார். நவம்பர் 25 தேதியிட்டு இருவரும் பதில் போட்டார்கள்: விளக்கு கட்டுவதில் எங்களுக்குச் சந்தோஷம், தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள். தெமெங்கோங்கின் பதிலில் இருந்தது ரமூனியா முனைக்கு அருகே என்ற பேச்சு. அதன்பிறகு கும்பெனி மனசை மாற்றிக்கொண்டு பத்து பூத்தேதான் தோது என்று முடிவு செய்தது.

இதில் மாயம் என்னவென்றால் பதில் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. கவர்னர் எழுதிய கடிதம் இல்லை. எத்தனை ஆவணக் காப்பகம் துழாவியும் கிடைக்கவில்லை. பட்டர்வொர்த் எந்தப் பாறையைக் கேட்டார், இரவலாகக் கேட்டாரா, விலைக்குக் கேட்டாரா, சும்மா ஒரு வார்த்தை சொல்லி வைத்தாரா? “ஆமாம்” என்ற பதில் நம் கையில் இருக்கிறது, கேள்வி காணோம். எந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னோம் என்றே தெரியாத பெண்வீடு மாதிரி ஆகிவிட்டது ஜொகூர்.

விளக்கைக் கட்டியவர் ஜான் டர்ன்புல் தாம்சன், அரசாங்க நில அளவையாளர். வேலை தொடங்கும்போது முப்பது வயசு நிரம்பவில்லை. புத்திசாலி. வடகிழக்குப் பருவமழைக் காலத்து அலை எப்படி அடிக்கும் என்று பார்க்க, 1847-இல் பாறைமேல் செங்கல் தூண்கள் சிலதைக் கட்டி வைத்துவிட்டுப் போனார். கடல் தன் அபிப்பிராயத்தைத் தூண்கள்மேல் எழுதியது. ‘செங்கல் வேண்டாம், கருங்கல்’ என்று புலாவ் உபினிலிருந்து கல் வெட்டிக் கொண்டுவந்தார்கள். 1850 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாளன்று, ஃப்ரீமேசன் சங்கத்தார் சடங்கெல்லாம் செய்து அடிக்கல் நாட்டினார்கள். தண்ணீர் இல்லாத பாறையில் கோட்டும் சூட்டுமாக, நடுவெயிலில். ஒன்பது நாள் கழித்துத் தெமெங்கோங் இப்ராஹிம் தம் ஆட்கள் முப்பது பேரோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். மீன் பிடிக்க வந்தார் என்று பிற்காலத்தில் சிங்கப்பூர் சொன்னது. தம் நிலத்தை மேற்பார்வை பார்க்க வந்தார் என்று மலேசியா சொன்னது. முப்பது பேரோடு போனால் இரண்டையும் செய்யலாம்.

1851 அக்டோபர் 15-இல் விளக்கு எரிந்தது. தாம்சன் பிறகு நியூசிலாந்துக்குப் போய் அந்த நாட்டின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். நம் பாறையை அளந்தவருக்கு ஒரு நாட்டையே அளக்கக் கொடுத்தார்கள்.

நிர்வாகம் எப்படி நடந்தது? 1852-இல் இந்தியச் சட்டம் ஒன்று போட்டு விளக்கைக் கும்பெனியின் சொத்தாக்கி, போகிற வருகிற கப்பல்களிடம் விளக்கு வரி வாங்க வழி செய்தார்கள். 1867 வரைக்கும் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சிக்கு உட்பட்டவை. ஆக, பத்து பூத்தேயை ஒரு பதினைந்து வருடம் கல்கத்தாவிலிருந்து ஆண்டார்கள். இந்தியா இதைக் கவனிக்காமல் விட்டது நல்லது. கவனித்திருந்தால் வழக்கில் மூன்றாவதாக ஒரு தரப்பு வந்து உட்கார்ந்திருக்கும். கச்சத்தீவு ஒன்றுக்கே அவர்கள் படும் பாடு போதும். அந்த 285 ஏக்கரிலாவது அந்தோணியார் கோவில் உண்டு, வருடா வருடம் திருவிழா உண்டு. இங்கே திருவிழா கொண்டாடக் கடற்பறவைகள் மட்டும்தான். விளக்குக் காவலர்கள் மாற்றி மாற்றி வந்து தங்கினார்கள். சாப்பாடும் எண்ணெயும் படகில் வந்தன. 1988-இல் விளக்கைத் தானியங்கி ஆக்கிவிட்டார்கள். குடிமக்கள் கணக்கு அதோடு சுத்தமானது.

இப்போது 1953-க்கு வாருங்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இது. அண்ணனுக்கும்தான். இறால் ஓட்டை உடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

ஜூன் 12. சிங்கப்பூர் காலனிச் செயலகத்தில் ஹைகம் என்ற துரைக்கு ஒரு சந்தேகம். கடல் எல்லையை வரையறுக்க வேண்டும், அந்த விளக்குப் பாறை யாருடையது? நேர்மையான மனுஷன், ஜொகூரிலேயே கேட்டுவிடுவோம் என்று ஜொகூர் சுல்தானின் பிரிட்டிஷ் ஆலோசகருக்கு எழுதினார். பாறையைக் குத்தகைக்கு விட்டதாக, தானம் கொடுத்ததாக, வேறு வகையில் கைமாற்றியதாக உங்களிடம் பத்திரம் எதுவும் உண்டா என்பது கேள்வியின் சாரம். கடிதம் மேசை மாறி மேசை மாறி மூன்று மாதத்துக்கு மேல் ஊர்ந்தது. செப்டம்பர் 21-இல் ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலர் பதில் போட்டார். விஷயம் ஒரே வாக்கியம்: பெட்ரா பிராங்காவுக்கு ஜொகூர் அரசாங்கம் உடைமை கோரவில்லை.

அவ்வளவுதான். ஏன், எதனால், எந்தக் கோப்பைப் பார்த்து, யாரைக் கேட்டு, ஒன்றும் இல்லை.

“அண்ணே, ஒரு நாட்டோட நிலத்தை இப்படி ஒரே வரியிலே விட்டுக்கொடுப்பாங்களா?”

“தம்பி, நிலத்தை யார் பார்த்தா? கோப்பு மேசையை விட்டுப் போகணும். மூணு மாசமா ஒரு தாள் உன் தட்டுலே கிடந்து முறைச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கு. ‘விசாரிச்சுச் சொல்றோம்’னு எழுதினா அது திரும்பி வரும். ‘எங்களுக்கு வேணாம்’னு எழுதினா வராது. நானா இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.”

முப்பது வருடம் இவர் கையெழுத்துப் போட்ட கோப்புகளை நினைத்து எனக்குக் கொஞ்சம் வயிறு கலங்கியது.

அந்தப் பதில் போன இடத்தில் குழப்பம் இல்லை. இதை வைத்து நாம் உரிமை கோரலாம் என்று சிங்கப்பூர் அதிகாரி குறிப்பு எழுதினார். தலைமை வழக்கறிஞரும் தலையாட்டினார். ஆனால் வெளியில் பறைசாற்றவில்லை. கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். வெள்ளைக்காரன் வைத்த பெட்டி, வெள்ளைக்காரன் போனபின்னும் சிங்கப்பூரிலேயே இருந்தது. ஒரு வரிக் கடிதம் 54 வருடம் ஊறுகாய் மாதிரி ஊறிக் காரமேறியது.

இந்தப் பக்கத்தில் நாங்கள் சும்மா இருந்தோமா என்றால், இல்லை. சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. 1962-லிருந்து 1975 வரை எங்கள் நில அளவைத் துறை வெளியிட்ட பல வரைபடங்களில் அந்தப் பாறையின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ‘சிங்கப்பூர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். எதிராளி கேட்காமலே ரசீது எழுதிக் கொடுக்கிற பெருந்தன்மை.

1968-இல் நடந்தது அதைவிட. பொந்தியான் கடலில் புலாவ் பீசாங் என்று ஒரு தீவு உண்டு. பெயருக்கு அர்த்தம் வாழைப்பழத் தீவு. அங்கேயும் ஒரு கலங்கரை விளக்கம்; 1900-இல் சுல்தான் இப்ராஹிம் பத்திரம் எழுதி, விளக்கு நடத்தும் வரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தது. நிலம் ஜொகூருடையது, விளக்கு சிங்கப்பூர் பராமரிப்பு. அதிலே சிங்கப்பூர்க் கொடி பறந்தது. மலேசியா கொதித்தது: எங்கள் மண்ணில் உன் கொடியா, இறக்கு! சிங்கப்பூர் மறுபேச்சில்லாமல் இறக்கியது. அதே கொடி பத்து பூத்தேயிலும் பறந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்த ஆட்டை விரட்டிவிட்டுத் தோட்டத்தில் மேயும் மாட்டைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டோம்.

1979 டிசம்பர் 21. மலேசியா புதுக் கடல் எல்லை வரைபடம் வெளியிட்டது. அதில் பத்து பூத்தே எங்களுடையது. 1980 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று, சிங்கப்பூரிலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. பிறகு பேச்சு, பேச்சுக்குமேல் பேச்சு. 2003-இல் இரு தரப்பும் சேர்ந்தே ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போவதென்று ஒப்பந்தம் போட்டார்கள். குரோஷியஸின் ஊர் பக்கத்தில்தான்.

2007 நவம்பரில் விசாரணை. சிங்கப்பூர் அணியின் முன்வரிசையில் துணைப் பிரதமர் எஸ். ஜெயக்குமார், டாமி கோ, தலைமை நீதிபதி சான் செக் கியோங். ஜொகூர்த் தமிழர்களின் சங்கடத்தை இங்கே பதிவு செய்கிறேன். பாறை போகிறதே என்று வருத்தப்படவும் வேண்டும். எதிர்த்தரப்பில் எழுந்து நின்று வாதாடுகிற ஜெயக்குமாரைப் பார்த்து ‘நம்மாளு பேசுறான் பாரு’ என்ற பூரிப்பு முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். என் பெரியப்பா அந்த மாதம் முழுக்கச் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டே இருந்தார். சிங்கப்பூர் நியமித்த தனி நீதிபதியும் ஆந்திரத்துக்காரர், பி. ஸ்ரீனிவாச ராவ்.

மலேசியா ஒரு புகைப்படம் காட்டியது. விளக்குக்குப் பின்னாலேயே ஜொகூரின் மலை மதில்சுவர் மாதிரி எழுந்து நின்றது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். சிங்கப்பூர் எழுந்து, ஐயா, இது தூரத்தைக் கிட்டத்தில் இழுக்கும் லென்ஸ் வேலை, கண்ணுக்கு மலை இத்தனூண்டுதான் தெரியும் என்றது. நான் சுங்கை ரெங்கிட்டில் நின்று பார்த்தவன். கண்ணுக்குத் தெரிந்தது கப்பல் மட்டும்தான். இந்த விஷயத்தில் இரண்டு தரப்பையும் நான் நம்பவில்லை.

2008 மே 23. தீர்ப்பு. நம் கிராமத்து நிலத் தகராறு பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பூர்வீக உரிமை ஜொகூருடையது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பழைய டச்சுக் கடிதங்கள், ஓராங் லாவுட் மக்களின் விசுவாசம் எல்லாமே சாட்சிக்கு வந்தன. ஆனால் விளக்கேற்றியவன் அவன், கொடி கட்டியவன் அவன், யார் வந்தாலும் அனுமதி கொடுத்தவன் அவன். நீயோ ‘கோரவில்லை’ என்று எழுதிக் கொடுத்து, வரைபடத்திலும் அவன் பெயரைப் போட்டாய். 1980-க்குள் உரிமை கைமாறிவிட்டது. 12-க்கு 4 என்ற கணக்கில் பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்கு. பட்டா உனது, அனுபவ பாத்தியதை அவனது. உடைமை வேறு, இறையாண்மை வேறு என்று எங்கள் வக்கீல்கள் அந்த ஒரு வரியை எத்தனை மடிப்பாகவோ மடித்துப் பார்த்தார்கள். இந்த இடத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று நீதிபதிகள் இஸ்திரி போட்டு விரித்துவிட்டார்கள். கேள்வி தொலைந்துபோன 1844 கடிதத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை என்றும் சொன்னார்கள்.

வெறுங்கையோடு அனுப்பவில்லை. பக்கத்தில் 0.6 கடல் மைலில் மிடில் ராக்ஸ் என்று இரண்டு பாறைக் கூட்டம். தண்ணீருக்குமேல் 0.6 முதல் 1.2 மீட்டர் உயரம். அதாவது முழங்காலிலிருந்து இடுப்பு வரை. அது 15-க்கு 1 என்ற கணக்கில் மலேசியாவுக்கு. அந்த ஒருவர் ராவ். விளக்குள்ள வீடு தம்பிக்கு, வாசற்படிக்கல் அண்ணனுக்கு. இரு தரப்புக்கும் வெற்றி என்றார் எங்கள் வெளியுறவு அமைச்சர் ராய்ஸ் யாத்திம்.

வாசற்படிக் கல்லை நாங்கள் லேசில் விடவில்லை. அந்த இடுப்பளவுப் பாறைகள்மேல் கான்கிரீட் தூண்கள் நட்டு, படகுத்துறையும் ஹெலிகாப்டர் தளமும் வைத்து, அபு பக்கார் கடல்சார் தளம் என்று 2017-இல் பெயர் சூட்டினோம். அதே 2017 பிப்ரவரியில், பிரிட்டிஷ் காப்பகங்களில் புது ஆவணம் கிடைத்தது என்று சொல்லி மறுஆய்வு மனுவும் போட்டோம். மறுஆய்வுக்குப் பத்து வருடக் கெடு. 2018 மே 23-இல் முடிந்தது. மே 9-இல் தேர்தலில் ஆட்சி மாறியது. மே மாதக் கடைசியில், விசாரணைக்கு இரண்டு வாரமே இருக்க, மகாதீர் தலைமையிலான புது அரசாங்கம் மனுவைத் திரும்பப் பெற்றது. உடனே மகாதீர், மிடில் ராக்ஸைப் பெருக்கி ஒரு குட்டித் தீவாகவே ஆக்கப்போகிறோம் என்றார். மனுவை ஏன் வாபஸ் வாங்கினார்கள் என்று ஆராய 2024-இல் அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்தது, அவர்மீது குற்றப் புலனாய்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது, அவர் மறுக்கிறார். இதையெல்லாம் பார்த்தால் பாறைக்கு ஓய்வு இப்போதைக்கு இல்லை. சிங்கப்பூரும் சும்மா இல்லை. பாறையைச் சுற்றி மண் கொட்டி ஏழு ஹெக்டேர்போல நிலம் சேர்க்கும் வேலையில் இறங்கியிருக்கிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது பழைய கதை. இங்கே கட்டெறும்பு கழுதையாகிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சவுத் லெட்ஜ். பெட்ரா பிராங்காவிலிருந்து 2.2 கடல் மைல். கடல் வற்றும்போது தலைகாட்டும், ஏறும்போது முங்கிவிடும். கடன்காரனைக் கண்ட ஆள் மாதிரி. இது யாருக்கு? எந்த நாட்டின் கடலுக்குள் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு என்றது நீதிமன்றம். எந்த நாட்டின் கடலுக்குள் இருக்கிறது? அதைச் சொல்லும்படி யாரும் நீதிமன்றத்தைக் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இரு நாட்டு அதிகாரிகளும் கூட்டுத் தொழில்நுட்பக் குழு அமைத்து எல்லைக் கோடு பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அண்ணனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. “குழு போட்டாச்சுல்ல? இனி அது யாருக்கும் போகாது” என்றார் நிம்மதியாக.

புறப்படும்போது படகுத்துறையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெரியவரிடம், அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா பாக்சிக் என்று கேட்டேன். போயிருக்கிறார், சின்ன வயசில், அப்பாவோடு, மழைக்குப் பாறையோரம் ஒதுங்கியிருக்கிறார். இப்போது ரோந்துப் படகுகள் சுற்றுவதால் போவதில்லை. பத்து பூத்தே இந்தத் திசை என்று ஊசியாலேயே காட்டினார். மிடில் ராக்ஸ் அதற்குச் சற்றுத் தள்ளி.

“அந்த மூன்றாவது?”

அவர் கரையோரத் தூணில் ஈரம் ஏறியிருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்போ இல்லை. நாலு மணிக்கு மேலே வாங்க.”